ஜன்னலோரம் இரண்டு பாட்டில்

போக வேண்டிய பாட்டில் இருந்தது. இருக்க வேண்டிய பாட்டில் போய்விட்டது.

கலர் மாஸ்டர் இடுப்பில் கட்டிய துண்டோடு குளியலறை ஜன்னல் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இந்தா, உன் தம்பி கிளம்பிட்டானா?"

"கிளம்பி இருபது நிமிஷம் ஆச்சு," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"எதை எடுத்துக்கிட்டுப் போனான்?"

"இதென்ன கேள்வி? உங்களோடதைத்தான். அவனோடதையா எடுத்துக்கிட்டுப் போவான்?"

மாஸ்டர் மிச்சமிருந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். மச்சினன் எடுத்துப்போனது இவருடையது அல்ல. சொல்லப்போனால் அது எந்த மனிதருடையதும் அல்ல. அது சாயத் தண்ணீர்.

இது புரிய வேண்டுமென்றால் மாஸ்டரின் தொழில் புரிய வேண்டும். துணிக்குச் சாயம் போடும் ஆலையில் இருபத்தெட்டு வருஷமாக அவர்தான் கலர் மாஸ்டர். துணி வாங்குபவர்கள் ஒரு கையகலத் துண்டை அனுப்பி "இந்த நிறம்தான் வேணும்" என்பார்கள். மாஸ்டர் அதே நிறத்தைக் கலந்து கொடுக்க வேண்டும். அந்தத் துண்டுக்கு ஆலையில் 'ஸ்டாண்டர்ட்' என்று பெயர். சாயத் தொட்டியிலிருந்து எது வெளியே வந்தாலும் அதை ஸ்டாண்டர்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். பொருந்தினால் "பாஸ்". பொருந்தாவிட்டால் "அரைப் புள்ளி சிவப்பு ஏறியிருக்கு, எடுத்துட்டுப் போ" என்பார். தனியாக ஒரு நிறத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்கிறவனை அவர் மனுஷனாகவே மதிப்பதில்லை.

போன வருஷம் அவருடைய சிறுநீர்ப்பையில் சின்னதாக ஒரு கட்டி வந்தது. புற்றுநோய்தான். டாக்டரம்மா சுரண்டி எடுத்துவிட்டார். "பழைய சாயப் பொடிகள்ல புழங்கினவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா வரும்" என்று அவர் சொன்னது மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. தன் மாமியாரைப் பற்றிக்கூட யாரும் குறை சொல்லலாம், சாயத்தைப் பற்றிச் சொல்லக் கூடாது.

"இது திரும்பி வர்ற சாதி," என்றார் டாக்டரம்மா. "சீக்கிரம் பார்த்துட்டா மறுபடி சுரண்டி எடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம். பார்க்காம விட்டாத்தான் வம்பு. அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை உள்ள கேமரா விட்டுப் பார்ப்போம்."

கேமரா ஒரு குழாயின் நுனியில் இருந்தது. குழாய் எந்த வழியாக உள்ளே போகும் என்பதை மாஸ்டர் யாரிடமும் விவரிப்பதில்லை. ஒரே ஒரு தடவை மச்சினனிடம் விவரித்தார். அவன் இரண்டு நாள் கால்மேல் கால் போட்டபடியே உட்கார்ந்திருந்தான்.

நாலு தடவை குழாய் போய்விட்டு வந்தது. ஐந்தாவது தடவை நெருங்கும்போது டாக்டரம்மா ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "இந்த முறை முதல்ல சிறுநீரை டெஸ்ட் பண்ணிடுவோம். கட்டி இருந்தா அதோட செல்லு உதிர்ந்து சிறுநீர்ல வரும். லேப்ல கண்டுபிடிச்சிடுவாங்க. ஒண்ணுமில்லைன்னு வந்தா குழாயை ஆறு மாசத்துக்குத் தள்ளிப் போடலாம்."

அந்த நிமிஷத்திலிருந்து மாஸ்டருக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லை.

இனி ஸ்டாண்டர்ட் விஷயம். போன வருஷம் ஆபரேஷனுக்குப் பிறகு "கிளீனா இருக்கு" என்று முதன்முதலாகச் சொன்ன நாளில், மாஸ்டர் அன்றைய சிறுநீரின் நிறத்தை மனதில் அப்படியே பிடித்துக்கொண்டு நேரே ஆலைக்குப் போனார். நாலு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு பழுப்பு, மீதி தண்ணீர். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாயகன்ற பாட்டில் ஒன்று மிச்சமிருந்தது. அதில் ஊற்றி, மூடி, தன் பெயரை எழுதி, ஆலை வழக்கப்படி பக்கத்தில் "ஓகே" என்று போட்டு, குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டார். வடக்குப் பார்த்த ஜன்னல். நிறம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

அன்றுமுதல் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு சடங்கு. எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் உதவாது, ராத்திரி முழுக்கத் தேங்கி நின்றது என்று லேபில் சொல்லியிருந்தார்கள். அதனால் இரண்டாவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, ஸ்டாண்டர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். நுரை அடங்கப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் கூடத்துக் கண்ணாடி முன்னால் முகச்சவரம். வேலைக்கு வருகிற அம்மா அந்தப் பத்து நிமிஷத்தில் குளியலறையைக் கழுவிவிடுவாள். அவளுக்கு அந்த வீட்டில் பினாயிலக்கா என்று பெயர். அவள் வருவதற்கு அரை நிமிஷம் முன்பே வாசனை வந்துவிடும்.

"சார், ஆச்சா?" என்பாள்.

"ஆச்சுக்கா. அந்த பாட்டில்ல மட்டும் கை வச்ச, அன்னைக்கே உனக்குக் கணக்கு முடிஞ்சுது."

இதையும் தினமும் சொல்வார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதன் பிறகு அவர் முகம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வீடு அன்று முழுக்க இருக்கும். பல மாதங்களுக்கு அது நன்றாக இல்லை. "கால் புள்ளி சிவப்பு" என்பார். மறுநாள் "அரைப் புள்ளி". சாப்பாட்டைத் தள்ளி வைப்பார். மகள் எந்த ஊரிலிருந்து போன் செய்தாலும் உயில் பற்றிப் பேசுவார். "நிறத்துல ஒண்ணும் தெரியாதுங்க, டாக்டரே சொன்னாங்களே" என்று மனைவி அழாத குறையாகச் சொன்னால், "உனக்குத் தெரியாதுன்னு சொல்லு" என்பார்.

ஆனால் கடைசி ஒன்றரை மாதமாக நிலைமை மாறியிருந்தது. தினமும் "பாஸ்". ஒரு இழைகூட வித்தியாசமில்லை. தொழிலில்கூட இப்படி ஒரு பொருத்தத்தைத் தான் பார்த்ததில்லை என்று பெருமைப்பட்டார். இரண்டு கிலோ எடை கூடியது. டம்ளரில் அளவு மட்டும் கொஞ்சம் குறைந்து தெரிந்தது. நுரை அடங்கினால் அளவு குறையத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்.

அந்த நாட்களில் வீட்டில் நடந்த ஒரே சண்டை குளியலறைக் கால்மிதி பற்றியது. வெள்ளைக் கால்மிதியில் பெரிதாக ஒரு மஞ்சள் கறை. மாஸ்டர் மச்சினனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்ளே, நாப்பது வயசாச்சு. இன்னுமா குறி பார்க்கத் தெரியல?"

"சத்தியமா நான் இல்ல அத்தான்."

"பின்ன யாரு, உங்கக்காவா?"

மூன்று தடவை ஊறப் போட்டும் கறை போகவில்லை. மச்சினன் மாடியறைக்காரன், வேலை தேடிக்கொண்டிருப்பவன், எதிர்த்துப் பேசும் நிலையில் இல்லை. பழியை ஏற்றுக்கொண்டு, பரிகாரமாக வீட்டு வேலைகளைச் செய்ய ஆரம்பித்தான். அப்படித்தான் இன்று பாட்டிலை லேபுக்குக் கொண்டுபோகும் வேலையும் அவன் தலையில் விழுந்தது.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. டம்ளரைப் பார்த்தார், பாஸ். லேபில் கொடுத்திருந்த புது பாட்டிலில் ஊற்றி மூடினார். அதில் நோயாளி எண் மட்டும் எழுதினால் போதும் என்றிருந்ததால் எண் மட்டும் எழுதினார். ஜன்னலில் ஸ்டாண்டர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கத் துண்டு எடுக்கப் போனார். அந்த இடைவெளியில் மச்சினன் உள்ளே வந்திருக்கிறான். இரண்டு பாட்டில். ஒரே மாதிரி. ஒன்றில் வெறும் எண், இன்னொன்றில் அத்தான் பெயர், பக்கத்தில் "ஓகே". அவன் இடத்தில் நானாக இருந்தாலும் ஓகேயைத்தான் எடுத்திருப்பேன்.

மாஸ்டர் போன் போட்டார். ஐந்தாவது தடவை எடுத்தான்.

"வண்டில இருந்தேன் அத்தான். கவலையை விடுங்க, குடுத்தாச்சு. முதல் ஆளா குடுத்தேன்."

"திருப்பி வாங்கு."

"எதை?"

"குடுத்ததை."

"அத்தான், அதுமேல ஸ்டிக்கர் ஒட்டி உள்ள கொண்டுபோயிட்டாங்க. அந்த லேப் அம்மாகிட்ட எனக்குப் பேச பயமா இருக்கு. ஏன், என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று சொல்வது? சாயத்தில் சிறுநீர் செய்து வைத்திருக்கிறேன் என்று ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? மாஸ்டர் அரைநாள் லீவு போட்டுவிட்டு, எண் எழுதிய பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு, தானே லேபுக்குக் கிளம்பினார். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை.

லேப்காரப் பெண் பாட்டிலை வாங்கவில்லை. அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"உங்க பேர்ல ஏற்கெனவே ஒண்ணு வந்திருக்கே."

"அது வேணாம்மா. இதை எடுத்துக்கங்க. இது நல்ல பாட்டில்."

"நல்லதுன்னா?"

"அதாவது, இது இன்னும் கொஞ்சம் ஃபிரெஷ்ஷா."

"எத்தனை மணிக்குப் பிடிச்சது?"

வாய் தவறி உண்மை வந்துவிட்டது. "எட்டு மணிக்கு."

"ரெண்டரை மணி நேரம் ஆச்சு. செல்லு கெட்டுப் போயிருக்கும். அது எட்டே முக்காலுக்கே வந்துடுச்சு, அதுதான் ஃபிரெஷ்." அவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள். "ஒருத்தர் பேர்ல ரெண்டு எடுக்க மாட்டோம் சார். அதை அந்தப் பக்கம் டாய்லெட்ல கொட்டிட்டுப் போங்க."

மாஸ்டர் கொட்டினார். கொட்டும்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

சாயத் தண்ணீரில் செல் கிடையாது. செல் இல்லையென்றால் புற்றுநோய் செல்லும் கிடையாது. அப்படியானால் ரிப்போர்ட் "ஒண்ணுமில்லை" என்றுதான் வரும். ஒண்ணுமில்லை என்றால் குழாய் இல்லை. நாம் யாரிடமும் பொய் சொல்லவில்லை. மச்சினன் எடுத்துப்போனான், லேப் வாங்கிக்கொண்டது. நடுவில் வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்தான் நம் வேலை. அதுவுமில்லாமல் ஒன்றரை மாதமாகப் பாஸ்தானே? உள்ளே ஒன்றுமில்லை என்று இந்தக் கண்ணே சொல்கிறதே, மைக்ராஸ்கோப் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

வீட்டுக்கு வந்து, "எல்லாம் நல்லபடியா குடுத்தாச்சு" என்றார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் ஆலைக்குப் போனதும் புதிதாக ஒரு ஸ்டாண்டர்ட் கலந்து கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார். மறுநாள் காலை பொருத்திப் பார்த்தார். பாஸ். மனம் நிம்மதியாகிவிட்டது.

நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. மனைவிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"சந்தேகப்படும்படியான செல்கள் இருக்காம். உடனே டாக்டரைப் பார்க்கணுமாம்." காகிதத்தை அவரிடம் நீட்டினாள். "திரும்பி வந்துடுச்சுங்க."

மாஸ்டர் காகிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டாவது தடவை படித்தார். பிறகு சிரித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் தோள் குலுங்க.

மனைவி பயந்துபோய்த் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், ஓடி வாடா. அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"எனக்கு ஒண்ணும் ஆகல. சாயத்துக்குத்தான் கேன்சர்," என்றார் மாஸ்டர்.

உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மனைவிக்கு முதலில் உயிர் வந்தது, பிறகு கோபம் வந்தது.

"அப்ப தெரிஞ்சேதான் சும்மா இருந்திருக்கீங்க. உள்ள ஒண்ணு இருந்து வளர்ந்திருந்தா? ஆறு மாசம் கழிச்சுத் தெரிஞ்சிருந்தா நான் என்ன பண்ணுவேன்? குழாய்க்குப் பயந்துக்கிட்டு என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போகலாம்னு பார்த்தீங்களா?"

அவள் சொன்னது அத்தனையும் நியாயம் என்று மாஸ்டருக்கே பட்டது. நியாயம் என்று பட்டதால் கோபம் லேப் மேல் திரும்பியது. வெறும் சாயத் தண்ணீரில் புற்றுநோய் பார்க்கிறவர்கள் எத்தனை குடும்பத்தைக் கலங்கடித்திருப்பார்கள்? இதைச் சும்மா விடக் கூடாது.

மறுநாள் டாக்டரம்மாவின் அறையில் மாஸ்டர் இரண்டு சின்னச் சாயக் குப்பிகளை மேசைமேல் வைத்தார். டாக்டரம்மாவின் தண்ணீர் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாலு சொட்டு மஞ்சள். அரைச் சொட்டு பழுப்பு. ஒரு சுற்று சுற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இருபது வருஷமாகச் சிறுநீர் பார்க்கிறவர். "அப்படியே இருக்கே," என்றார்.

"இதுலதான் டாக்டர் உங்க லேப் கேன்சரைக் கண்டுபிடிச்சிருக்கு."

லேப்காரப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் டம்ளரைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள்.

"நான் நிறம் பார்க்கிறதில்ல டாக்டர். செல்லுதான் பார்க்கிறேன். அந்த பாட்டில்ல செல்லு இருந்துச்சு. எனக்குப் பிடிக்காத செல்லு. பதினோரு வருஷமா மைக்ராஸ்கோப் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். என் கண்ணு பொய் சொல்லாது."

"என் கண்ணும்தான்மா," என்றார் மாஸ்டர். "எனக்கு இருபத்தெட்டு வருஷம்."

டாக்டரம்மா அன்றைய பதிவேட்டைப் புரட்டினார். சாயத் தண்ணீரில் செல் இருந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான், அன்றைக்கு வேறு யாருடைய பாட்டிலோ மாறியிருக்கிறது. யாருடையது யாருக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்? அன்று வந்தது மொத்தம் நாற்பத்து மூன்று பாட்டில்.

அத்தனை ரிப்போர்ட்டும் நிறுத்தி வைக்கப்பட்டன. நாற்பத்து மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். லேப்காரப் பெண்ணை, விசாரணை முடிகிறவரை மைக்ராஸ்கோப்பைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாஸ்டரின் குழாய்த் தேதி ரத்தானது. ஆஸ்பத்திரித் தலைமையிலிருந்து கையெழுத்துப் போட்டு ஒரு மன்னிப்புக் கடிதம் வந்தது. மச்சினன் அதை ஃபிரேம் போடலாமா என்று கேட்டான்.

இரண்டு நாள் கழித்து ஏதோ ஒரு கையெழுத்துக்காக மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கூடம் முழுக்கக் கையில் பாட்டிலோடு ஆட்கள். செய்தி எப்படியோ பரவியிருந்தது. ஒரு மீசைக்காரர் முறைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லைன்னு வந்திருந்துச்சு சார். நிம்மதியா இருந்தேன். உங்களாலதான் இன்னொரு தடவை."

ஆனால் மூலையிலிருந்து ஒரு பெண் எழுந்துவந்து மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் கணவர், மெலிந்துபோனவர், தலையாட்டினார்.

"இவருக்கு இருக்குன்னு வந்துச்சுங்க. நாலு நாளா வீட்ல யாரும் தூங்கல. இப்பத்தான் தெரியுது, அதுவும் தப்பாத்தான் இருக்கும்னு. நீங்க நல்லா இருக்கணும்."

மாஸ்டர் "பரவாயில்லம்மா" என்றார். கையை விடுவித்துக்கொண்ட பிறகும் அந்தப் பிடி கையிலேயே இருந்தது. ஏன் நெருடுகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

வாசலில் லேப்காரப் பெண் நின்றிருந்தாள். வெள்ளைக் கோட்டு இல்லாமல் பார்க்க வேறு யாரோ போலிருந்தாள்.

"மாஸ்டர், ஒரே ஒரு உதவி. அன்னைக்குக் காலையில உங்க வீட்ல என்னென்ன நடந்துச்சோ அதை அப்படியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன். சும்மா நின்னு பார்க்கிறேன்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்கமேல இருக்கு. என்மேல எனக்கு இருக்கணுமே. பதினோரு வருஷம் பார்த்ததெல்லாம் சரிதானான்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேன். வேற எதுவும் ஓட மாட்டேங்குது."

மாஸ்டருக்கு மனசு இளகிவிட்டது. ஜெயித்தவருக்கு இளகுவதில் என்ன கஷ்டம்? "வாம்மா, காலையில எட்டு மணிக்கு வா," என்றார்.

வந்தாள். ஏழே முக்காலுக்கே வந்தாள். மனைவி கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குளியலறைக் கதவு தெரியும்படி கூடத்தில் ஒரு ஓரமாக நின்றுகொண்டாள். மச்சினனும் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தான்.

மாஸ்டர் நாடகம் நடிப்பவரைப் போல ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். "இது ஸ்டாண்டர்ட். நேத்து சாயங்காலம் புதுசா கலந்தது, பார்த்துக்க." கதவைச் சாத்திக்கொண்டு போய், டம்ளரோடு திறந்தார். "இதோ, பக்கத்துல வைக்கிறேன். இனிமே பத்து நிமிஷம் யாரும் தொடறதில்ல. நுரை அடங்கணும்."

வெளியே வந்து கண்ணாடி முன்னால் நின்று முகத்தில் சோப்பைக் குழைத்துப் பூசினார். வாசனை வந்தது. அரை நிமிஷம் கழித்துப் பினாயிலக்கா வந்தாள்.

"சார், ஆச்சா?"

"ஆச்சுக்கா. அந்த பாட்டில்ல மட்டும் கை வச்ச..."

"தெரியும் சார்," என்று வாளியோடு உள்ளே போனாள்.

மாஸ்டர் ஒரு கன்னத்தை முடித்திருப்பார். "மாஸ்டர், இங்க வாங்க," என்று லேப்காரப் பெண் மெதுவாகக் கூப்பிட்டாள். குரலில் ஏதோ இருந்தது. பாதி முகம் சோப்போடு அப்படியே போனார். மனைவியும் மச்சினனும் பின்னால் வந்தார்கள்.

உள்ளே பினாயிலக்கா ஸ்டாண்டர்ட் பாட்டிலைத் திறந்து கழிவறையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். குழாயடியில் இரண்டு தடவை அலசினாள். டம்ளரை எடுத்து அதிலிருந்து பாதியைப் பாட்டிலில் ஊற்றினாள். மூடினாள். புடவைத் தலைப்பால் துடைத்து, "ஓகே" வெளியே தெரியும்படி திருப்பி ஜன்னலில் வைத்தாள். எல்லாம் முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தினமும் செய்கிறவளின் கை அது.

திரும்பியவள் வாசலில் நாலு பேரைப் பார்த்தாள்.

"கோச்சுக்காதீங்க சார்," என்றாள். "ஒன்றரை மாசம் இருக்கும். துடைக்கும்போது கை பட்டுக் கால்மிதி மேல கவிழ்ந்துடுச்சு. பாட்டில்ல கை வச்சா அன்னைக்கே கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்லியிருந்தீங்களா, பயந்துட்டேன். பக்கத்துலயே டம்ளர்ல அதே கலர்ல இருந்துச்சு. அதுல பாதியை ஊத்தி வச்சேன். நீங்க பார்த்துட்டு 'பாஸ்'னீங்க. அப்புறம் மறுநாளே நாத்தம் வந்துடுதா, அதான் தினமும் பழசைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்திடறேன்."

"அப்ப கால்மிதி?" என்றான் மச்சினன். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். பாட்டிலும் டம்ளரும் வடக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு இழைகூட வித்தியாசமில்லை. லேப்காரப் பெண் காபியைக் கீழே வைத்துவிட்டு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. மனைவி அவருடைய இன்னொரு கையைப் பிடித்திருந்தாள்.

ஒரு கன்னத்தில் சோப்பு காய ஆரம்பித்திருந்தது. அவர் பினாயிலக்கா பக்கம் திரும்பினார்.

"லேபுக்குக் குடுத்தனுப்பின அன்னைக்குமாக்கா?"

பினாயிலக்கா வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கும்தான் சார். ரெண்டுல எதைக் கொண்டுபோயிருந்தாலும் அது உங்களோடதுதான்."